திருப்ப வேண்டியது வண்டியையா, எஞ்சினையா?

வீட்டுத் தோட்டத்தில் ரயில் ஓட்டுவதற்காகத் தண்டவாளம் வாங்கப் போகும் நண்பர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய வரைபடங்களையெல்லாம் பார்த்தேன். தாள் வேறு, கையெழுத்து வேறு, தோட்டம் வேறு. வரைந்திருப்பது மட்டும் ஒன்றேதான். கொட்டகையோரம் ஒரு பெரிய வளையம், அங்கிருந்து வேலியை ஒட்டி ஒற்றைப் பாதை, மறுகோடியில் இன்னொரு பெரிய வளையம். வளையத்துக்குள் நுழைந்த வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த பாதையிலேயே திரும்பும். மறுகோடியிலும் அதே கதை. யாரும் எழுந்திருக்க வேண்டாம், குனிய வேண்டாம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கடைக்காரருக்குப் பணம் போவதற்குள் உங்களைப் பிடித்து நிறுத்தத்தான் இந்த மடல்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு முனையிலும் வளையம் வேண்டாம். இடம் தாராளமாக இருந்தால் ஒரு முனையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களில் பலருக்கு அதுகூடத் தேவைப்படாது. வண்டி திரும்பி வர வேண்டும் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. வண்டி முழுவதையும் முகம் மாற்றித் திருப்பலாம். எஞ்சினை மட்டும் கழற்றி முகம் மாற்றலாம். அல்லது எஞ்சினின் முகம் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டு, அதை வண்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் மாட்டலாம். மூன்றுக்கும் ஆகிற இடமும் செலவும் வேறு வேறு. வளையம் முதல் வேலைக்கானது. நீங்கள் வாங்க நினைத்திருக்கும் எஞ்சின்களுக்கு மூன்றாவது போதும்.

அளவுகளைப் பாருங்கள். நீங்கள் எல்லோரும் தேர்ந்திருப்பது 45 மில்லிமீட்டர் தண்டவாளம். நியூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம் 1968-இல் இந்த அகலத்துத் தோட்ட ரயிலை எல்.ஜி.பி. என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2007-இல் அது மார்க்லின் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1:22.5 என்ற விகிதத்தில் 45 மில்லிமீட்டர் என்பது மீட்டர் கேஜ். சுவிட்சர்லாந்தின் ரேட்டிஷ் ரயில்வே அந்த அகலம்தான். நம் நீலகிரி மலை ரயிலும் அதே அகலம்தான். எழும்பூரில் ஏறி மீட்டர் கேஜில் ஊர் போய்ச் சேர்ந்த தலைமுறைக்கு இந்தத் தண்டவாளத்தின் மேல் ஒரு தனிப் பாசம் வருவதில் வியப்பில்லை.

கடைத் தொகுப்போடு வருகிற ஆரம்ப வளைவுக்கு ஆர்-1 என்று பெயர். ஆரம் 60 சென்டிமீட்டர். இதை 22.5-ஆல் பெருக்கினால் பதின்மூன்றரை மீட்டர். தெருமுனையில் டிராம் திரும்புகிற அளவு அது. பெர்னினா பாதையில் புரூசியோ ஊரில், கல் பாலத்தின் மேல் ரயில் ஒரு முழு வட்டம் அடித்து இறங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மலை ரயில்களில் பேர்போன இறுக்கமான வளைவு அது. அதற்கே ஆரம் 70 மீட்டர். தோட்டத்தில் அதை அளவு பிசகாமல் போட வேண்டுமானால் 3.1 மீட்டர் ஆரம் வேண்டும். ஆர்-1 வளைவில் ஓடுவதற்கென்றே சின்ன எஞ்சின்கள் செய்யப்பட்டிருக்கின்றன. ஆனால் நீளமான பெட்டிகள் அதில் போகும்போது மூலைகள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

வளையம் என்றதும் அரை வட்டம் மனதில் வரும். அரை வட்டம் போதாது. தடம் இரண்டாகப் பிரியும் இடமான பாயிண்ட், ஆர்-1 அளவில் 30 பாகையில் பிரிகிறது. நேராகப் போகிற காலில் வெளியேறிய வண்டி, பிரிகிற கால் வழியாக உள்ளே வர வேண்டுமானால் 210 பாகை திரும்ப வேண்டும். எதிர்வளைவு எதுவும் சேர்க்காமல் போட்டால், கண்ணீர்த்துளி வடிவில் ஏறக்குறைய 3 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் தண்டவாளத்துக்கு மட்டுமே போகும். பெட்டி இடிக்காமல் இருக்க இரு பக்கமும் இன்னும் கொஞ்சம். இது மிகச் சிறிய வளைவின் கணக்கு. நீளப் பெட்டிகள் ஓட வேண்டும் என்று ஆர்-3 வளைவுக்குப் போனால் ஆரம் 1.2 மீட்டரை நெருங்கும். வளையத்தின் அகலம் மட்டும் 2.4 மீட்டர் ஆகிவிடும். ஐந்தாறு மீட்டர் அகலத் தோட்டத்தில் இரு கோடியிலும் இப்படி வைத்துவிட்டு நடுவில் எதை ஓட்டப் போகிறீர்கள்? வீட்டில் உள்ளவர்கள் துணி உலர்த்தும் கம்பியை எங்கே நடுவார்கள்?

இடத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். பெரிய சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. கடையில் வாங்குகிற தொகுப்பில் மின்சாரம் தண்டவாளத்தின் வழியே போகிறது. ஒரு தண்டவாளம் நேர்மின், மற்றது எதிர்மின். உங்கள் வரைபடத்தில் இடது தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் நகர்த்துங்கள். வளையத்தைச் சுற்றிப் பாயிண்டுக்குத் திரும்பும்போது உங்கள் விரல் வலது தண்டவாளத்தில் போய் இடிக்கும். இரண்டு முனைகளும் அங்கே ஒன்றையொன்று தொடுகின்றன. ஷார்ட் சர்க்யூட். வண்டியே இல்லாவிட்டாலும் ஷார்ட்.

இதற்கு வழி இருக்கிறது. வளையத்தின் இரு வாயிலிலும், இரு தண்டவாளங்களிலும் இடைவெளி விட்டு, உள்ளே இருக்கும் பகுதியைத் தனியாகப் பிரிக்க வேண்டும். சாதாரண நேர்மின்சாரத்தில் ஓட்டுபவர்கள் அந்தப் பகுதிக்கு நான்கு டயோடுகள் கொண்ட பிரிட்ஜ் வழியாக மின்சாரம் கொடுப்பார்கள். வெளியே துருவம் எப்படி இருந்தாலும் உள்ளே ஒரே துருவம். ஆகவே வண்டி எப்போதும் ஒரே சுற்றில்தான் போகும். வண்டி முழுவதும் உள்ளே இருக்கும்போது நீங்கள் வெளிப் பாதையின் துருவத்தை மாற்றிவிட வேண்டும். டயோடுகள் ஒன்றரை வோல்ட் அளவுக்கு விழுங்கிவிடுவதால் வளையத்துக்குள் வண்டி சற்றுத் தளர்ந்து ஓடும். பார்ப்பவர்கள் வளைவுக்காக வேகத்தைக் குறைத்தீர்கள் என்று நினைத்துப் பாராட்டுவார்கள். டிஜிட்டல் முறையில் ஓட்டினால் சுவிட்சைத் தொட வேண்டியதில்லை. வண்டி இடைவெளியைக் கடக்கும் கணத்தில் ஷார்ட்டை உணர்ந்து, உள்பகுதியின் துருவத்தைத் தானே மாற்றிவிடும் கருவி கிடைக்கிறது. டிஜிட்டலில் எஞ்சின் போகும் திசைக்கும் தண்டவாளத் துருவத்துக்கும் தொடர்பில்லை என்பதால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

எந்த முறையானாலும் ஒரு விதி மாறாது: பிரிக்கப்பட்ட பகுதி உங்கள் மிக நீளமான வண்டியை விட நீளமாக இருக்க வேண்டும். எஞ்சின் மட்டும் உள்ளே போனால் போதும் என்று நினைக்காதீர்கள். உலோகச் சக்கரம் வைத்த பெட்டி ஒவ்வொன்றும் இடைவெளியின் மேல் ஏறும்போது இரு பக்கத்தையும் இணைத்துவிடும். விளக்கு எரிவதற்காகச் சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் பெட்டியானால் இன்னும் மோசம். எஞ்சின் ஒரு வாயிலைத் தாண்டும்போது கடைசிப் பெட்டி மறு வாயிலில் நின்றால் எல்லாம் அணைந்துவிடும். அப்புறம், அந்த இடைவெளியை ரம்பத்தால் அறுத்துவிட்டுச் சும்மா விடாதீர்கள். பித்தளை வெயிலில் நீளும். 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீளும். காலையில் இருந்த இடைவெளி மதியம் மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் இணைப்புத் துண்டு வைத்தே பிரிக்க வேண்டும்.

எஞ்சினுக்குள் பேட்டரி வைத்து ரிமோட்டில் ஓட்டுபவர்களுக்கும், உண்மையான நீராவி எஞ்சின் வாங்கியவர்களுக்கும் மேற்சொன்ன மின்சாரச் சிக்கல் எதுவும் பொருட்டல்ல. அவர்களுக்குத் தண்டவாளம் வழிகாட்டும் உலோகம் மட்டுமே. நீராவிக்காரர்கள் எரிவாயு தீரும்வரை நிற்காமல் ஓட்டத்தான் விரும்புவார்கள். அவர்களுக்கு வளையம் பொருந்தும். வளையம் இல்லாமல் இருக்கவே முடியாது என்று அடம்பிடிக்கும் மற்றவர்களுக்கு என் யோசனை: பேட்டரிக்கு மாறிவிடுங்கள். ஈரத்திலும் இலைச் சருகிலும் கறுத்துப்போகும் பித்தளையை வாரந்தோறும் தேய்க்கும் வேலையும் மிச்சம். பாயிண்டுக்கு மோட்டாரும் வேண்டாம். நாக்குகளை ஒரு பக்கமாக ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும்படி வைத்தால், வண்டி எப்போதும் ஒரே காலில் நுழையும், வெளியே வரும்போது சக்கரமே நாக்கைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

எழுந்திருக்காமல் தேநீர் குடித்துக்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் இன்னும் எளிய ஏற்பாடு இருக்கிறது. ஒரு பெரிய வட்டத்தை நடுவில் நசுக்கி, இரு பாதைகளும் ஒட்டி ஓடும்படி செய்யுங்கள். இரு கோடியிலும் வளையம்போலத் தெரியும். நடுவில் இரட்டைப் பாதைபோலத் தெரியும். உண்மையில் அது வெறும் வட்டம். பாயிண்ட் இல்லை, ஷார்ட் இல்லை, டயோடு இல்லை. கடிகாரச் சுற்றில் ஓட்டினால் வண்டி எப்போதும் இடது பாதையில் வரும். பிரிட்டனிலும் நம் ஊரிலும் இரட்டைப் பாதையில் அப்படித்தான். ஜெர்மன் வண்டி வைத்திருப்பவர்கள் எதிர்ச்சுற்றில் ஓட்டுங்கள், அங்கே வலது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நடுவில் அந்த இரு பாதைகளையும் இணைத்துக் குறுக்கே ஒரு பாயிண்ட் ஜோடி போடாதீர்கள். போட்ட கணமே அது திருப்பும் வளையமாகி, மேலே சொன்ன கஷ்டமெல்லாம் பின்வாசல் வழியே வந்துவிடும்.

இனி என் கட்சிக்குச் சாட்சி. கென்ட் கடற்கரையில் ஓடும் ரோம்னி, ஹைத் அண்ட் டிம்சர்ச் ரயில்வேயை ஒரு முறை போய்ப் பாருங்கள். தண்டவாள அகலம் 15 அங்குலம். கேப்டன் ஹோவி என்ற கார் பந்தயப் பணக்காரர், ஹென்றி கிரீன்லி என்ற பொறியாளரை வைத்துக் கட்டியது. 1927-இல் ஹைத்துக்கும் நியூ ரோம்னிக்கும் இடையே திறந்தார்கள், 1928-இல் டஞ்சனஸ் வரை நீட்டினார்கள். மொத்தம் பதின்மூன்றரை மைல். டஞ்சனஸ் முனையில் பலூன் வடிவ வளையம். ஹைத் முனையில் பாதை முடிந்துபோகும் முட்டு நிலையம், எஞ்சினைத் திருப்ப டர்ன்டேபிள் என்ற சுழல்தட்டு. ஒரே கம்பெனி, ஒரே ஆள், இரண்டு முனைக்கும் இரண்டு வழி. டஞ்சனஸுக்கு ஒரு நடை போனால் காரணம் புரியும். கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கல் வெளி. அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஹைத் ஊர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. தோட்டத்தில் அது உங்களைத் தேடி வரும். எஞ்சினுக்கு அடுத்தது ஒன்றாம் பெட்டி, கடைசியில் கார்டு வண்டி என்று புறப்படுகிறீர்கள். வளையத்தில் சுற்றினால் வரிசை மாறாது, கார்டு கடைசியிலேயே இருப்பார். மறுமுனையில் எஞ்சினை மட்டும் கழற்றி எதிர்ப்பக்கம் மாட்டினால் கார்டு வண்டி எஞ்சினை ஒட்டி வந்துவிடும். ஆக, ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் எஞ்சின் மாற்றமும் இருந்தால் ஒவ்வொரு போய்வரலுக்கும் வரிசை புரண்டுகொண்டே இருக்கும். பயணிகள் வண்டிக்கு இது பெரிய குறை இல்லை. நம் ஊர் ரயில்களில் பெரும்பாலும் கார்டு பெட்டி இரு கோடியிலும் இருக்கும். எஞ்சின் எந்தப் பக்கம் மாட்டினாலும் கவலையில்லை. சரக்கு வண்டிக்குத்தான் ஒற்றைக் கார்டு வண்டி. அதைக் கழற்றிப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்க ஷண்டிங் செய்ய வேண்டும். அதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் வட்டம் போட்டுக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால் தோட்ட ரயிலில் கைக்கும் மூளைக்கும் வேலை தருவது அந்த ஐந்து நிமிடம்தான். சுற்றிச் சுற்றி வருகிற வண்டியைப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், பிறகு எழுந்து போய்விடுவார்கள். பாயிண்டை மாற்று, கொக்கியைக் கழற்று, மெதுவாகப் பின்னால் வா என்று வேலை கொடுத்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள்.

ஆகவே எஞ்சினை மறுகோடியில் மாட்டும் மூன்றாவது வழியை விரிவாகச் சொல்கிறேன். நிலையத்தில் நடைமேடைப் பாதைக்குப் பக்கத்தில், இரு முனையிலும் பாயிண்ட் வைத்து ஒரு இணைப்பாதை. அதற்கப்பால் எஞ்சின் நிற்கிற அளவுக்கு ஒரு முட்டுத் துண்டு. வண்டி வந்து நிற்கிறது. எஞ்சின் கழன்று முட்டுத் துண்டுக்குள் போகிறது. பாயிண்டை மாற்றினால் இணைப்பாதை வழியே பின்னால் போய், மறு பாயிண்டைத் தாண்டி, வண்டியின் வால் பக்கம் சேர்கிறது. வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் இணைப்பாதை வேண்டும். அகலம்? இரண்டு பாதைக்கான அகலம்தான், வேலியோரமே போதும். இதில் எந்தத் தண்டவாளமும் தன் எதிர்த் துருவத்தைத் தொடுவதில்லை என்பதால் மின்சாரத் தொல்லை அறவே இல்லை.

எஞ்சின் பின்பக்கமாக ஓடுமே, பார்க்க நன்றாக இருக்குமா என்று உங்களில் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. எல்.ஜி.பி.யின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஸ்டைன்ஸ் என்ற குட்டி எஞ்சின், ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்து நிஜ எஞ்சினைப் பார்த்துச் செய்தது. (அசல் ஓடியது 760 மில்லிமீட்டர் பாதையில், பொம்மையை மீட்டர் கேஜில் ஏற்றிவிட்டார்கள். அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.) அது டேங்க் எஞ்சின். தண்ணீரையும் நிலக்கரியையும் தன் உடம்பிலேயே சுமப்பது. இரு திசையிலும் ஓடவே அப்படிச் செய்தார்கள். டீசலும் மின்சார எஞ்சினும் பெரும்பாலும் இரு திசையிலும் ஓடக்கூடியவை. தண்ணீரும் நிலக்கரியும் சுமக்கும் டெண்டர் வண்டியைப் பின்னால் இழுத்துப் போகும் பெரிய நீராவி எஞ்சின் ஒன்றைத்தான் முகம் திருப்பாமல் ஓட்டினால் கண்ணுக்கு உறுத்தும். உங்கள் பட்டியலில் அப்படி எஞ்சின் வைத்திருப்பவர்கள் இரண்டொருவர்தான். எஞ்சினைத் திருப்பும் கஷ்டம் பெரிய ரயில்களையும் விட்டதில்லை. ராபர்ட் ஃபேர்லி என்பவர் 1864-இல் இரு பக்கமும் முகம் வைத்த எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வகையில் 1869-இல் வேல்ஸின் ஃபெஸ்டினியாக் ரயில் பாதைக்கு வந்த லிட்டில் வொண்டர் என்ற எஞ்சின் அவர் பெயரை நாட்டிவிட்டது. டிராம்களிலும் இதே பிரிவு உண்டு. வியன்னாவிலும் பிராகிலும் பெரும்பாலும் ஒருமுக வண்டிகள், கடைசி நிறுத்தத்தில் வளையம். மெல்பேர்னில் இருமுக வண்டிகள்; ஓட்டுநர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போனால் முடிந்தது.

எஞ்சினை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமலும் இருக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி வண்டியில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம். ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும். இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். தோட்டத்தில் சரிவான பாதை அமைப்பவர்கள் இதை அப்படியே செய்யலாம். இரண்டு மூன்று சிறு பெட்டிகள், கீழ்ப்பக்கம் ஒரு எஞ்சின், இரு முனையிலும் முட்டு. பாயிண்டே வேண்டாம். ஆனால் தள்ளுவதற்கு ஒரு எச்சரிக்கை உண்டு. எல்.ஜி.பி. பெட்டிகளின் இணைப்பில் ஒரு பக்கம் மட்டும் கொக்கி இருந்தால், இறுக்கமான வளைவில் தள்ளும்போது பெட்டி கோணலாகி இறங்கிவிடும். ஒவ்வொரு பெட்டிக்கும் இரு பக்கமும் கொக்கி மாட்டுங்கள். பாரம் குறைந்த பெட்டியை நடுவில் வைக்காதீர்கள்.

டெண்டர் எஞ்சின்காரர்களுக்கு இப்போது இரண்டாவது வழி, எஞ்சினை மட்டும் முகம் மாற்றுவது. அதில் முக்கோணத்துக்குத்தான் என் ஓட்டு. பிரதான பாதையிலிருந்து இரண்டு கால்கள் வளைந்து வந்து, மூன்றாவது பாயிண்டில் சேர்ந்து, ஒரு முட்டுப் பாதையாக நீள்கின்றன. எஞ்சின் ஒரு கால் வழியே முட்டுக்குப் போய், மறு கால் வழியே பின்னோக்கி வந்தால் முகம் மாறிவிடும். ஆர்-1 துண்டுகளில் போட்டால் பிரதான பாதையோரம் ஒன்றேகால் மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டிய ஆழமும் போதும், பிறகு முட்டுப் பாதை. முட்டின் நீளம் எஞ்சின் அளவானால் எஞ்சின் மட்டும் திரும்பும். வண்டி அளவானால் வண்டி முழுவதும் திரும்பும். அந்த முட்டைச் சும்மா விட வேண்டாம். சரக்குக் கொட்டகை வைத்தால் அது ஒரு கிளைப் பாதை. மின்சாரத்துக்கு மட்டும், மூன்றாவது பாயிண்டோடு சேர்த்து முட்டுப் பாதையைப் பிரித்து, துருவம் மாற்றும் சுவிட்ச் ஒன்று கொடுக்க வேண்டும். இதையும் விடச் சிறிய இடத்தில் திருப்பியவர்கள் உண்டு. வடக்கு இத்தாலியில் மால்ஸ் நிலையத்தில் ஐந்து முனை நட்சத்திரம்போல் தண்டவாளங்களைக் குறுக்கே குறுக்கே போட்டு, எஞ்சினை முன்னும் பின்னுமாக இழுத்துத் திருப்பினார்கள். இடம் மிச்சமாகும், ஆனால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் தண்டவாளங்களுக்குத் துருவம் பிரித்துத் தருவதற்குள் தலை சுற்றிவிடும். உங்களுக்கு வேண்டாம்.

டர்ன்டேபிள் ஆசை உங்களில் நால்வருக்கு இருக்கிறது. ஆசைப்படக்கூடிய பொருள்தான். சான் பிரான்சிஸ்கோவில் பவல் தெரு முனையில் கேபிள் கார் ஊழியர்கள் இன்றும் வண்டியைக் கையால் தள்ளித் திருப்புகிறார்கள், அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கிறது. ஆனால் தோட்டத்தில் டர்ன்டேபிளுக்குக் குழி என்றால் அது முதலில் தண்ணீர்த் தொட்டி, பிறகு இலைத் தொட்டி, குளிர்காலத்தில் பனிக்கட்டி. குழி வெட்டுவதானால் அடியில் ஜல்லி நிரப்பி, தண்ணீர் வடிய வழி வையுங்கள். குழியே இல்லாமல், தரைக்குச் சற்று மேலே பேரிங்கின் மேல் சுழலும் தட்டையான வட்டத் தட்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னொன்றும் உண்டு. வெயிலில் நீளும் பித்தளையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அது இங்கே தட்டின் விளிம்பை நோக்கி நகர்ந்து வந்து, சுழலவிடாமல் முட்டிக்கொள்ளும். தட்டுக்கு அருகில் தண்டவாளத்தை அசையாமல் திருகி, நீள்வதற்கான இடைவெளியைத் தள்ளி வேறிடத்தில் விடுங்கள். நேராகச் சேர்வதற்கு மோட்டாரும் சென்சாரும் வேண்டாம். கதவுக்குப் போடும் சின்னப் பித்தளைத் தாழ்ப்பாள் போதும். தட்டில் தாழ்ப்பாள், கரையில் அது நுழையும் வளை, தண்டவாளத்துக்கு ஒன்று வீதம். தாழிட்டால் தண்டவாளம் நேர்கோட்டில் நிற்கும், மின்சாரமும் அதன் வழியே பாயும். எஞ்சினை அரைச் சுற்றுத் திருப்பி எதிர்ப்பக்கம் தாழிட்டால் துருவமும் சரியாகவே அமைந்துவிடும்.

ஒரே ஒரு சின்ன எஞ்சின் வைத்திருப்பவர் கையால் தூக்கித் திருப்பி வைத்தால் என்ன? ஒன்றும் குற்றமில்லை. சாதாரண நேர்மின்சாரத்தில் ஒரு விசித்திரத்தை மட்டும் நினைவில் வையுங்கள். கிழக்கே போய்க்கொண்டிருந்த எஞ்சினைத் தூக்கி முகத்தை மாற்றி வைத்தாலும், துருவம் மாறாதவரை அது கிழக்கேதான் போகும், பின்பக்கமாக. கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பேட்டரியிலும் டிஜிட்டலிலும் அப்படியில்லை. முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முன்னால் போகும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் மிக நீளமான வண்டியைக் கோத்துத் தரையில் வைத்து அளந்து எழுதி அனுப்புங்கள். இப்போது இருப்பதை மட்டும் அல்ல, அடுத்த தீபாவளிக்குள் வாங்கிவிடுவோம் என்று மனதில் வைத்திருக்கும் பெட்டிகளையும் சேர்த்து. தோட்டத்தில் கயிறு போட்டுப் பாதையைக் குறித்து, அந்தக் கயிற்றை மிதிக்காமல் ஒரு வாரம் வீட்டார் நடமாடட்டும். எங்கெங்கே மிதிபடுகிறதோ அங்கே வளையம் வர முடியாது என்று தெரிந்துவிடும். பெரிய இடம் உள்ளவர்கள் தவிர மற்ற எல்லோரும் ஒரு முனையில் இணைப்பாதை நிலையத்தோடு தொடங்குங்கள். மறுமுனையை இப்போதைக்கு முட்டாக விட்டு, அங்கும் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் வாங்கும்போது மறக்காமல் இடது கை ஒன்றும் வலது கை ஒன்றும் கேளுங்கள். இணைப்பாதைக்கு அந்த ஜோடிதான் வேண்டும். இரண்டும் இடதாக வாங்கி வந்தால் ஒன்று வீணாகக் கிடக்கும். பின்னாளில் டெண்டர் எஞ்சின் வாங்கி முக்கோணம் போட ஆசை வந்தாலும், பிரதான பாதையில் அதற்கும் அதே ஜோடிதான். மூன்றாவது பாயிண்டை அப்போது வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
வேலிக்கு அந்தப் பக்கத்து நண்பன்